சலப்பைக்குச் சுபமுகூர்த்தம்

வெள்ளவத்தையில் பெண்ணைப் பெற்றவர்களில் தில்லைநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணத் தரகர். மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருந்தாலும் இரத்மலானையில் இருந்தாலும் சாதகக் கட்டோடு வாசலில் வந்து நிற்பார். வந்து நிற்பதில் ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்து இருப்பதில்தான் குறை.

எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வரும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, பேச்சு சீதனத்தில் வந்து முட்டும்போது கட்டாயம் ஒரு தடவை, “ஒருக்காப் பின்பக்கம் போட்டு வாறன்” என்று எழும்பிவிடுவார். போன ஆனியில் ஒரு நல்ல சம்பந்தம் இப்படித்தான் குழம்பியது. மாப்பிள்ளையின் தாய், “தெஹிவளை வீட்டைப் பொம்பிளைக்கு முழுசா எழுதுறியளோ, பாதியோ?” என்று கேட்ட அதே கணத்தில் தில்லைநாதன் எழும்பினார். இது ஏதோ சைகை என்று நினைத்துப் பெண்ணின் தகப்பனும் எழும்பினார். தங்களுக்குத் தெரியாமல் உள்ளே என்ன கதை என்று மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் எழும்பினார்கள். எழும்பியவர்கள் திரும்ப இருக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, இனிப் போனிலயே கலியாணம் பேசுங்கோவன்,” என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி. “நீங்கள் எங்க நிண்டு கதைக்கிறியள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“தண்ணிச் சத்தம் கேக்குமெல்லே.”

இளவயதில் அவருக்கு வந்த காசநோய் நெஞ்சோடு நிற்காமல் கீழேயும் இறங்கியிருந்தது. காய்ச்சல் மாறிவிட்டது; சிறுநீர்ப்பை மட்டும் சுருங்கி ஒரு தேசிக்காய் அளவில் நின்றுவிட்டது. அதைத் தில்லைநாதன் தன் ஊர் வழக்கப்படி சலப்பை என்பார். டொக்டர் தாரிகாவும் அவருக்காக அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள்.

“உங்கட சலப்பையில இருந்து ஒரு சின்னத் துண்டு எடுப்பம், அங்கிள். அதில இருக்கிற உயிரணுக்களைப் பெருக்கி, பை மாதிரி ஒரு அச்சில ஏத்தி வளர்ப்பம். வளர்ந்ததும் உங்களுக்கே திருப்பித் தைக்கிறது.”

“வேற ஆற்றையும் இல்லையே?”

“இல்லை. உங்கட சொந்தச் சதை. அதால உடம்பு ஒதுக்காது.”

“அப்ப சொந்தத்துக்குள்ள செய்யிற கலியாணம் எண்டு சொல்லுங்கோ,” என்றார் தில்லைநாதன் திருப்தியாக. “விசாரிக்கிற வேலை மிச்சம்.”

அவள் சிரித்துவிட்டு ஒரு விசயத்தை அழுத்திச் சொன்னாள். சுருங்கிய பையில் வெட்டி எடுக்க ஒரு துண்டுக்குத்தான் இடம் இருந்தது. இன்னொரு தடவை எடுக்க முடியாது. வளர்ந்த பையை வெளியில் கனநாள் வைத்திருக்கவும் முடியாது, செத்துப்போகும். ஆகவே ஒரே பை, ஒரே தடவை.

இந்தக் காரியத்தைச் செய்யவிருந்த இடத்தின் பெயர் தேசிய உறுப்பு மீளுருவாக்க நிறுவகம். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துப் பழைய பண்டகசாலை ஒன்றுக்கு வெள்ளையடித்துக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் நோயாளர் கழிவறை. ஒரு வெளிநாடு மனமுவந்து கட்டிக்கொடுத்தது. கதவுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா. பக்கத்துச் சுவரில் சிறு திரையால் மூடிய பெயர்ப்பலகை.

தில்லைநாதன் முதல் நாள் நேரே அங்கேதான் போனார். ஊழியர் புஷ்பராஜ் ஓடிவந்து மறித்தான்.

“ஐயா, அது இன்னும் தொறக்கலீங்க. மினிஸ்டர் வந்து நாடா வெட்டணும்.”

“நான் நாடாவை வெட்டேல்ல தம்பி. குனிஞ்சு போறன்.”

“பூட்டும் இருக்குங்க.”

“அப்ப வேலை செய்யிற ஆக்கள் எங்க போறவை?”

“ஸ்டாப் டொய்லட் மேல இருக்குங்க. சாவி இந்த வளையத்துலதான் எங்கியோ கெடக்கு. கொஞ்சம் இருங்க.” ஒரு தேங்காய்ச் சிரட்டை பருமனுள்ள வளையம். புஷ்பராஜ் ஒவ்வொரு சாவியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தில்லைநாதன் ஒரு காலில் நின்றார், மற்றக் காலில் நின்றார், சுவரைப் பிடித்தார். பண்டகசாலைக் காலத்துச் சாவிகளும் அதில் இருந்தன. அவன் அவற்றைத் தாண்டி வரும்போது தாண்ட வேண்டியது தாண்டிவிட்டது.

அன்று முச்சக்கரவண்டியில் பேப்பரை விரித்து அதன்மேல் இருந்துதான் வீட்டுக்கு வந்தார். ஜெகதீஸ்வரி காற்சட்டையைத் தோய்த்துப் போட்டாள். அதற்குப் பிறகு எதிர்ப்புறத் தேத்தண்ணிக் கடைக்காரரோடு நட்பு வைத்துக்கொண்டார்.

தெமட்டகொடை ஆஸ்பத்திரியில் வைத்துத் தாரிகா துண்டு எடுத்தாள். நிறுவகத்தில் வளர்த்தார்கள். கார்த்திகை மாதம் பிறந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில், நல்ல கொழுத்த மாம்பழம் போல ஒரு பை இருந்தது. தாரிகா போனில் சொன்னாள். தில்லைநாதன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனார்.

“உள்ள போக ஏலாதுங்க,” என்றான் புஷ்பராஜ். “வெளியாளுங்கள விட வேணாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு.”

“நான் வெளியாளோ? அது என்ர சதையடாப்பா!”

“அது இப்ப உள்ள இருக்குங்க, ஐயா. நீங்கதான் வெளிய இருக்கீங்க.”

பணிப்பாளர் நாயகம் பேர்னாட் அவரை அறைக்குள் அழைத்து அன்பாக விளக்கினார். கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர். அவருக்குப் பின்னால், பையோடு அவர் நிற்கும் படம் ஏற்கெனவே சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“மிஸ்டர் தில்லைநாதன், நீங்க விஷயத்த எமோஷனலா பாக்கிறீங்க. நோயாளிகள் வருவாங்க, போவாங்க. உறுப்புத்தான் நிறுவகத்துக்குச் சொந்தம். இது நாட்டின் முதல் சலப்பை. உங்களுடையதுன்னு சொல்லிச் சின்னதாக்காதீங்க.”

தில்லைநாதன் எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போய் வந்து மிச்சத்தைக் கேட்டார்.

நாட்டின் முதல் சலப்பை என்பதால் அதை ஓர் அமைச்சர்தான் வெளியிட்டு வைக்க வேண்டும். எந்த அமைச்சர் என்பதில் முதல் சிக்கல். உடம்பு சம்பந்தமான அமைச்சு, உறுப்பு எங்களுடையது என்றது. தண்ணீர் சம்பந்தமான அமைச்சு, நீரைத் தேக்கி வைத்துத் தேவையான நேரம் திறந்துவிடும் எதுவும் நீர்த்தேக்கமே என்று வாதாடியது. அங்கிருந்து தலைக்கவசம் போட்ட ஒரு பொறியியலாளர் வந்து கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, வான்கதவு எங்கே என்று கேட்டார். காட்டினார்கள். சிறியதுதான், ஆனாலும் விதிக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு அமைச்சர்களும் மேடையில் இருப்பது என்று அது தீர்ந்தது. அடுத்து நாள் பார்க்க வேண்டும். அமைச்சரின் சோதிடர் வந்தார். பேர்னாட் தில்லைநாதனுக்கு ஆள் அனுப்பினார்.

“உங்க தொழில் இதுதானே. சோதிடர் ஐயா சலப்பையின் பிறந்த நேரம் கேக்கிறார்.”

தில்லைநாதனுக்குள் இருந்த தரகர் தன்னை அறியாமல் நிமிர்ந்து இருந்தார். “எந்த நேரத்தைச் சொல்லுறது? என்னட்ட இருந்து சதை எடுத்த நேரமோ, அச்சில ஏத்தின நேரமோ? முதலாவதெண்டால் மகம். இரண்டாவதெண்டால் ஆயிலியம். ஆயிலியமெண்டால் மாமியார் உள்ள வீட்டுக்காரர் பின்வாங்குவினம்.”

பேர்னாட் இதைச் சிங்களத்தில் சொன்னார். சோதிடர் கவலையோடு ஏதோ திருப்பிக் கேட்டார்.

“சலப்பைக்கு மாமியார் இருக்கிறாவான்னு கேக்கிறார்.”

“நான் அப்படி யோசிக்கேல்ல.”

பேர்னாட் யோசித்தார். “சிறுநீரகமா இருக்கலாம். மேல இருந்துகிட்டு எந்நேரமும் எதையாவது அனுப்பிக்கிட்டே இருக்குதானே.”

சோதிடர் இதை ஏற்றுக்கொண்டார். மாமியாரையும் கணக்கில் எடுத்துக் கிரகங்களைப் பார்த்துவிட்டு, வைகாசி வரை சலப்பைக்கு நேரம் சரியில்லை, வெளியே எடுக்கவே கூடாது என்றார்.

மூலையில் நின்ற தாரிகா முன்னுக்கு வந்தாள். “சேர், வாற கிழமைக்குள்ள தைக்காட்டி அது செத்துப்போம். வைகாசிக்கு அதில ஒண்டும் இராது. அங்கிளுக்கு இன்னொண்டு வளர்க்கவும் ஏலாது.”

“டொக்டர்,” என்றார் பேர்னாட் பொறுமையாக, “இவருக்குள்ள தைச்சிட்டா மினிஸ்டருக்கு எதக் காட்டுறது? இவரையா? இப்பிடி ஆளுங்க எந்த ஆஸ்பத்திரி வாங்கிலையும் இருக்காங்க. தைச்ச சலப்பைய யாரு பாக்கலாம்? திரை விலக்க ஏலுமா? படம் எடுக்க ஏலுமா? ஒரு நிறுவகம் செஞ்ச வேலை வெளிய தெரியணும்.”

“நோயாளி, சேர்…”

“நோயாளி காத்திருப்பார். காத்திருக்கிறதுதானே நோயாளியின் வேலை. அதுல இவருக்கு நல்ல அனுபவமும் இருக்கு.”

தில்லைநாதன் தேத்தண்ணிக் கடையில் இருந்து திரும்பி வந்தபோது தாரிகா மாடிப்படியில் இருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு படி கீழே இருந்துகொண்டார்.

“பிள்ளை, நீர் கலியாணம் முடிச்சிட்டீரோ?”

“இப்ப அதுவோ முக்கியம், அங்கிள்?”

“சம்பந்தம் பேச வரேல்ல. ஒரு கதைக்குக் கேக்கிறன். மாப்பிள்ளை கனடாவில. விசாவுக்கு அவசரம். இஞ்ச ஐயர் சொல்லுறார், வைகாசி வரைக்கும் நாள் இல்லையெண்டு. எங்கட ஆக்கள் என்ன செய்வினம்?”

“எழுத்து எழுதுவினம்.”

“ஓம். ரெஜிஸ்ராரைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல், வீட்டு ஆக்கள் மட்டும் இருந்து எழுத்தை முடிச்சுப்போடுவினம். சட்டப்படி அண்டைக்கே புருசன் பெண்சாதி. பிறகு நாள் பார்த்து, மண்டபம் எடுத்து, மேளத்தோட தாலி. வந்து சாப்பிடுற சனம் அதுதான் கலியாணம் எண்டு நினைச்சுக்கொண்டு போகும். ஆருக்கு என்ன நட்டம்?”

தாரிகா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“எழுத்தைத் தெமட்டகொடை ஆஸ்பத்திரியில நான் முடிப்பன். கூட நிக்க ஆக்கள் இருக்கினம். ஆனால் பெட்டி வெறுமையாக் கிடக்குமே? மணவறையில ஆரை இருத்துறது, அங்கிள்?”

“அதை என்னட்ட விடும்,” என்றார் தில்லைநாதன். “படத்தில ஒண்டு, மணவறையில ஒண்டு எண்டு நானும் ரெண்டொரு இடத்தில பார்த்திருக்கிறன்.”

கொட்டாஞ்சேனைச் சந்தையில் றவூப்பின் இறைச்சிக்கடை. சைவக்காரரான தில்லைநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். அவர் கேட்டதைக் கேட்டு றவூப் கத்தியைக் கீழே வைத்தான்.

“சலப்பையா? அத நாங்க வீசுறதுதானே, ஐயா. யாரும் கேட்டு வந்ததில்ல.”

“எனக்கு வேணும். கொஞ்சம் பெரிசா, வடிவா இருக்கோணும்.”

றவூப் சிலதை எடுத்துக் காட்டினான். ஒன்று நிறம் மங்கல். ஒன்று ஒரு பக்கம் சரிவு. தில்லைநாதன் தலையை ஆட்டி ஆட்டித் தள்ளிவிட்டார்.

“எந்தப் பக்கத்து ஆடு?”

“மன்னார் ஆடு, ஐயா. நல்லாத் திண்டு வளந்தது. சலப்பைக்கு ஊர் விசாரிக்கிற மொத ஆள் நீங்கதான்.”

“நாளைக்கு நாலுபேர் பார்க்கிற இடத்தில இருக்கப்போகுது, தம்பி. குடும்பம் விசாரிக்கத்தானே வேணும்.”

மன்னார் ஆட்டுச் சலப்பை மருந்துத் தண்ணீரில் கழுவப்பட்டு, சாயம் பூசப்பட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறியது. தில்லைநாதனின் சொந்தச் சலப்பை அன்றைக்கே ஓர் ஐஸ்பெட்டியில், தாரிகாவின் மடியில், தெமட்டகொடைப் பக்கமாகப் போனது. தில்லைநாதனுக்கு மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் ஜெகதீஸ்வரி.

“எழுத்து முடிஞ்சுது,” என்றாள் அவள்.

“கேக் வெட்டினவையோ?” என்று கேட்டுவிட்டு மறுபடி உறங்கிப்போனார்.

குழாயோடு கொஞ்சக் காலம் கிடந்தார். பிறகு குழாயைக் கழற்றி, பைக்குப் பழக்கம் காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது விரிந்து கொடுத்தது. தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலை, தொலைக்காட்சியில் ஒரு முழுப் படத்தையும் நாற்காலியை விட்டு எழும்பாமல் பார்த்தார். ஜெகதீஸ்வரிக்குப் படத்தில் கவனமே இல்லை.

“ஒருக்காப் போட்டுத்தான் வாங்கோவன். எனக்குப் பயமாக் கிடக்கு.”

தெஹிவளை வீட்டுச் சம்பந்தத்தை அவர் மறுபடி பேச எடுத்தார். சீதனக் கதை வந்தபோது கல்லாக இருந்தார். அவர் எழும்புவார் என்று எதிர்பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாய், அவர் எழும்பாததில் பயந்து, பாதி வீட்டுக்கே சம்மதித்தாள்.

வைகாசியில் விழா நடக்கவில்லை. அமைச்சரவை மாறியது. உடம்புக்கு இருந்தவர் தண்ணீருக்கும், தண்ணீருக்கு இருந்தவர் வீட்டுக்கும் போனார். தண்ணீர் அமைச்சர் ஒருவரே போதும் என்று ஆவணியில்தான் நாள் வைத்தார்கள். தில்லைநாதனுக்கும் அழைப்பு வந்தது, ‘எதிர்காலப் பயனாளி’ என்று.

மண்டப வாசலில் பேர்னாட் அவர் தோளில் கைபோட்டார். “குட் நியூஸ், மிஸ்டர் தில்லைநாதன். விழா முடிஞ்ச அடுத்த நாளே உங்களுக்கு ஒப்பரேசன். டிவியில நேரடியாப் போகும். இந்தச் சலப்பைதான். ரெடியா இருங்க.”

தில்லைநாதன் தாரிகாவைத் தேடினார். கடைசி வரிசையில் அவள் ஏற்கெனவே இதைக் கேட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சோதித்தால் உள்ளே ஒன்று இருப்பது தெரியும். பிறகு அவளுக்கு இந்த நாட்டில் எங்கேயும் வேலை இல்லை. மறுக்காவிட்டால், மன்னார் ஆடு.

தில்லைநாதனை முன்வரிசையில் இருத்தினார்கள். வரவேற்பாக ஆளுக்கொரு செவ்விளநீர். பழைய தில்லைநாதனாக இருந்தால் அதைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார். யோசனையில் முழுவதையும் குடித்துவிட்டார். அமைச்சர் வரச் சுணங்கியதால் இன்னொன்றும் தந்தார்கள். அதையும் குடித்தார்.

அமைச்சர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான்கு மதத்துப் பெரியவர்களும் கண்ணாடிப் பெட்டிக்கு ஆசி வழங்கினார்கள். பெட்டியைச் சுற்றி வெள்ளை நூல் கட்டப்பட்டது. ஒரு மாலையும் விழுந்தது. சந்தையில் வீசி எறியப்பட இருந்த சாமான் அது என்பதை மூன்று பேர் மட்டும் அறிவார்கள். அதில் ஒருவன் றவூப், அவன் வரவில்லை.

பேர்னாட் பேசினார். “இந்த நிறுவகம் ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை ஒரு நோயாளியின் மீதும் கத்தி வைக்கவில்லை. ஒரு பிழையும் நடக்கவில்லை. ஒருவர்கூட எங்களிடம் இறக்கவில்லை. ஏனென்றால் ஒருவரைக்கூட நாங்கள் அனுமதிக்கவில்லை. இப்படிச் சாதனை படைத்த ஓர் ஆஸ்பத்திரியை உலகில் காட்டுங்கள் பார்ப்போம்!” கைதட்டல் எழுந்தது.

அமைச்சர் தண்ணீருக்குப் புதியவர். பழையவருக்கு எழுதிய பேச்சைக் கையில் வைத்திருந்தார். அது பெரும்பாலும் அணைக்கட்டுகளைப் பற்றியது. அக்கால மன்னர்கள் கட்டிய குளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றின் நீள அகலத்தையும் சொல்லி, “இன்று அந்த வரிசையில் இந்தக் குளமும் சேர்கிறது” என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பின்வரிசைகள் மெல்லக் கரைந்தன. பத்திரிகைக்காரர்கள் வெளியே போனார்கள். பேர்னாட்டே ஒருமுறை எழும்பி மாடிக்குப் போய் வந்தார். தில்லைநாதன், மறுநாளைய கத்தியை யோசித்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.

பேச்சின் கடைசித் தாளில் அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் அந்த ஒரு மனிதரைத்தான் கண்டார். பேர்னாட்டிடம் குனிந்து விசாரித்தார். பேர்னாட் சொன்னதைக் கேட்டு அவர் கண் கலங்கியது. தாளை மடித்துவிட்டுப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“இந்தப் பெரியவர் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட இருக்க முடியாதவர் என்கிறார்கள். நான் பேசும்போது என் சொந்தக் கட்சிக்காரர்களே எழும்பிப் போகிறார்கள். இவர் இரண்டு இளநீரும் குடித்துவிட்டு, கடைசி வரை இருந்தார்! இதிலிருந்து என்ன தெரிகிறது? இவருக்கு இருந்தது நோயல்ல. ஒழுக்கக் குறைவு. நாடு இருக்கச் சொன்னதும் இருந்துவிட்டார். இனி இப்படிப்பட்ட நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை எதற்கு? அவர்களைக் கூட்டங்களில் உட்கார வைப்போம்!”

பேர்னாட்டின் முகம் மலர்ந்தது. காட்சிப்பொருளை இழக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி அவருக்கே தோன்றியிருக்காது. ஒலிவாங்கியைத் தில்லைநாதனிடம் நீட்டினார். “அப்ப இந்த உறுப்ப நாட்டுக்கே விட்டுக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

தில்லைநாதன் பெட்டியைப் பார்த்தார். மாலைக்கும் நூலுக்கும் நடுவே அது வடிவாகத்தான் இருந்தது. தொழில் குரலில் சொன்னார்:

“நல்ல இடத்துச் சாமான். குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனால் சாதகம் பார்த்த அளவில எனக்கும் இதுக்கும் பொருத்தமில்லை. நாட்டோடதான் நல்லாப் பொருந்துது. பூரண மனதோட தாறன்.”

கடைசி வரிசையில் தாரிகா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் தேசப்பற்று என்று நினைத்தார்கள்.

பெட்டியை யாழ்ப்பாணம், கண்டி, பதுளை எல்லாம் கண்காட்சிக்குக் கொண்டுபோவதென்று மேடையிலேயே முடிவானது. அமைச்சருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதால் கழிவறையின் நாடா வெட்டப்படவில்லை. அதற்கு வேறு நாள் பார்ப்பார்களாம். கதவு பூட்டியபடியே கிடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தில்லைநாதன் புஷ்பராஜைத் தேடிப் பிடித்தார்.

“தம்பி, மேல போகோணும்.”

புஷ்பராஜுக்கு வியர்த்துவிட்டது. அன்றைய காற்சட்டை அவனுக்கும் மறக்கவில்லை. வளையத்தை அவசரமாக இழுத்ததில் அது கைநழுவி விழுந்து சாவிகள் தரையெல்லாம் சிதறின. “ஐயா, ஐயா, ஒரு நிமிசம், இதோ, கொஞ்சம் பொறுத்துக்கோங்க!” என்று மண்டியிட்டுப் பொறுக்கினான்.

தில்லைநாதன் மாடிப்படியில் வசதியாக இருந்து, காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டார்.

“ஆறுதலாத் தேடும், தம்பி,” என்றார். “ஒரு அவசரமும் இல்லை.”